கட்டற்ற வீட்டில் ஒரு வெள்ளைக் கீபோர்டு

பையை மேல வைக்க வேணாம் சார், மடியிலேயே இருக்கட்டும். நீங்க நல்ல மனசுலதான் சொல்றீங்க, புரியுது. ஆனா இந்த பஸ்ஸுல மேல வைக்கிற சாமான் திருக்கோவிலூர் போறதுக்குள்ள யார் தலையிலயாவது இறங்கும். உள்ள கீபோர்டு இருக்கு. வாசிக்கிற கீபோர்டு இல்ல சார். ஏன் எல்லாரும் அதையே கேக்குறீங்க? என்னைப் பார்த்தா கச்சேரிக்குப் போறவன் மாதிரியா தெரியுது? கம்ப்யூட்டர் கீபோர்டு. அதுலயும் ஆப்பிள் கம்பெனியோட மேக் கீபோர்டு. வெள்ளையா, தட்டையா, அப்பளம் மாதிரி இருக்கும். அந்த அப்பளத்தைத்தான் மடியில வெச்சுக்கிட்டுப் போறேன். என் நேரம்.

நீங்க எதுவரைக்கும்? திருவண்ணாமலையா? அப்ப நிறைய நேரம் இருக்கு. நான் திருக்கோவிலூர்ல இறங்கிடுவேன். என் வீட்டுக்காரி அங்க அவங்க அம்மா வீட்டுல இருக்கா. கூட்டிக்கிட்டு வரப் போறேன். கூட்டிக்கிட்டு வரப் போறேன்னா, வருவா. வராம எங்க போவா? கீபோர்டு கேட்டிருக்கா இல்ல? மனசு இல்லாதவ கீபோர்டு கேப்பாளா?

உங்க கையில இருக்கிற போன்ல கடிச்ச பழம் போட்டிருக்கே, அதை முதல்லயே பார்த்துட்டேன். தப்பா நினைக்காதீங்க, உங்களைச் சொல்லல. பொதுவா சொல்றேன். அந்தப் பழத்தை வெச்சுக்கிட்டிருக்கிறவங்களுக்கு ஒரு நடை வந்துடும் சார். பெரிய வீட்டுக்குக் குடித்தனம் போனவங்க மாதிரி ஒரு நடை. வீடு சொந்தமான்னா இல்ல. ஆணி அடிக்கக்கூட அனுமதி கேக்கணும். ஆனா நடை மட்டும் சொந்த வீட்டுக்காரன் நடை.

நான் விழுப்புரத்துல ஒரு பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கிறேன். கட்டற்ற மென்பொருள் சங்கம்னு ஒண்ணு நடத்துறோம். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. பரவாயில்ல, யாரும் கேள்விப்பட்டதில்ல. லினக்ஸ்னு சொன்னாலாவது தெரியுமா? அதான். காசு குடுத்து வாங்க வேணாம்ங்கிறது அதுல சின்ன விஷயம். உள்ள என்ன இருக்குன்னு திறந்து பார்க்கலாம். பிடிக்கலன்னா மாத்திக்கலாம். மாத்தினதை அடுத்தவனுக்குக் குடுக்கலாம். எவனையும் கேக்க வேணாம். உன் மெஷின், உன் இஷ்டம். இதை பனியன்ல அச்சடிச்சு நூறு பசங்களுக்குக் குடுத்தோம். பசங்க அதைப் போட்டுக்கிட்டே போய் திருட்டு விண்டோஸ் போட்டுக்கிறானுங்க. அடிமை புத்தி சார். கதவைத் திறந்துவிட்டாலும் கூண்டுக்குள்ளயே உக்காந்துக்கிட்டு இருக்கும்.

என் வீட்டுக்காரி பேரு வசுமதி. சென்னையில ஒரு பதிப்பகத்துல புத்தகத்துக்குப் பக்கம் வடிவமைச்சுக்கிட்டு இருந்தா. அங்க எல்லாம் மேக்குதான். அந்த ஆபீஸை மூடினப்ப முதலாளி அவ உக்காந்த மெஷினையே அவளுக்குக் குடுத்துட்டாரு. அதை வெச்சு வீட்டுலேர்ந்தே வேலை பார்த்துக்கிட்டு இருந்தா. பொண்ணு பார்க்கப் போனப்பவே கூடத்துல அந்த மெஷின் இருந்துச்சு. மேல பூப்போட்ட துணி போட்டு மூடி வெச்சிருந்தா, சாமி படத்துக்குப் போடுற மாதிரி. எல்லாரும் பொண்ணைப் பார்த்தாங்க, நான் மெஷினைப் பார்த்தேன். சரி, கல்யாணம் ஆனதும் சரி பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன்.

வைகாசியில கல்யாணம். ஆடி வந்ததும் அவங்க வீட்டுலேர்ந்து வந்து அழைச்சுக்கிட்டுப் போனாங்க. வழக்கம்தானே. புதுப் பொண்ணு ஆடிக்கு அம்மா வீட்டுல இருக்கணும். மெஷினைத் தூக்கிக்கிட்டா போக முடியும்? வெச்சுட்டுப் போனா. நான் யோசிச்சேன். அவ திரும்பி வர்றதுக்குள்ள ஒரு நல்ல காரியம் பண்ணி வெச்சிடலாம்னு.

என் சிநேகிதன் கிருபாகரன், வளவனூர்ல போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்கான். அவனுக்கு மேக் மேல ஒரு பைத்தியம். அவன்கிட்ட அந்த மெஷினைக் குடுத்துட்டு, அவன்கிட்ட இருந்த அசெம்பிள் பண்ண கம்ப்யூட்டரை வாங்கிக்கிட்டேன். என்ன சார் அப்படிப் பார்க்குறீங்க? சும்மா குடுக்கல. மாத்திக்கிட்டேன். அதுல லினக்ஸ் போட்டு, அவளோட பைல் எல்லாத்தையும் ஒண்ணு விடாம காப்பி பண்ணி, அவ பேர்ல ஒரு கணக்கு ஆரம்பிச்சு, பின்னாடி படமா எங்க கல்யாண போட்டோவையும் போட்டு வெச்சேன். எத்தனை புருஷன் இதெல்லாம் பண்ணுவான்? கிருபாகரன் மெஷினை எடுத்துக்கிட்டான், கீபோர்டு வேணாம்னுட்டான். எழுத்தெல்லாம் தேஞ்சு போயிருக்குன்னான். அப்படித்தான் இந்த அப்பளம் என் வீட்டுலயே தங்கிடுச்சு.

ஆவணியில வந்தா. கதவைத் திறந்தா, மேசையைப் பார்த்தா. அப்புறம் கேட்டா, "என்னைக் கேக்காம ஏன் குடுத்தீங்க?"ன்னு. நான் சொன்னேன், "கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப. அதான் கேக்கல"ன்னு. நியாயமான பதில்தானே? அதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா. பழைய பைல் சிலது இடம் மாறித் திறந்துச்சு, படம் ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு. அதுக்கு ஒரு அழுகை. விடுதலை சும்மா வருமா? கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

நான் என்ன மோசமானவனா? விட்டுக்குடுத்தேன். "சரி, உனக்குப் பழகின கீபோர்டை வேணும்னா வெச்சுக்க"ன்னு சொல்லி நானே செருகிக் குடுத்தேன். அங்கதான் சார் சனியன் பிடிச்சது.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஊர் உலகத்துல இருக்கிற கீபோர்டுல, கீழ இடது மூலையில கன்ட்ரோல்னு ஒரு கீ இருக்கும். காப்பி பண்ணணும்னா சுண்டு விரலை அதுல வெச்சு சி அடிக்கணும். மேக்குல அப்படி இல்ல. ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்துல கமாண்ட்னு ஒரு கீ. கட்டைவிரலை அதுல வெச்சு சி அடிக்கணும். மூலையில கன்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்துல வேற ஒரு உபயோகமில்லாத கீ. மேல வரிசையில நம்பர் போட்ட எஃப் கீ எல்லாம் இருக்கே, அதுல சூரியன் படம், ஸ்பீக்கர் படம். எல்.கே.ஜி. புத்தகம் தோத்துது. பக்கவாட்டுல நம்பர் கட்டம் கிடையாது. இதைக் கொண்டுவந்து லினக்ஸ்ல செருகினா என்ன ஆகும்? கமாண்ட் கீயை அமுக்கினா காப்பி ஆகாது. திரையில திறந்து வெச்சிருக்கிற ஜன்னலெல்லாம் சுருங்கி வந்து வரிசையா நிக்கும்.

அவ பழக்கத்துல கட்டைவிரலைப் போடுவா. ஜன்னலெல்லாம் வந்து நிக்கும். மறுபடியும் போடுவா, மறுபடியும் நிக்கும். நான் பின்னாடி உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்பேன். சிரிப்பு வரும். சிரிச்சா கோவம் வரும் அவளுக்கு. "பத்து வருஷமா விரலுக்குப் பழகினது, உடனே போகுமா?"ன்னு கேப்பா. பத்து வருஷமா தப்பாப் பழகினா அது சரியாயிடுமா சார்? நீங்களே சொல்லுங்க.

அப்புறம் ஒரு நாள் பார்க்கிறேன், கட்டைவிரல் போடுறா, காப்பி ஆகுது. நான் அசந்துட்டேன். என்ன பண்ணியிருக்கா தெரியுமா? எங்கேயோ படிச்சுத் தேடி, கமாண்ட் கீயை கன்ட்ரோல் மாதிரி வேலை செய்ய வெச்சிருக்கா. லினக்ஸ்ல அது முடியும் சார், அதான் அதோட பெருமையே. எந்தக் கீயையும் எப்படி வேணா மாத்தலாம். அவளாவே பண்ணியிருக்கா. என்னை ஒரு வார்த்தை கேக்கல.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? வீட்டுல இத்தனை தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கேன், எவனோ முகம் தெரியாதவன் எழுதினதைப் படிச்சு மாத்தியிருக்கா. அதுவும் எதுக்கு? லினக்ஸை மேக் மாதிரி ஆக்குறதுக்கு. நான் மாத்தி வெச்சுட்டேன், பழையபடியே. அவ குளிக்கப் போயிருந்தா, அந்த நேரத்துல. வந்து உக்காந்தா, கட்டைவிரலைப் போட்டா, ஜன்னலெல்லாம் வந்து நின்னுச்சு. திரும்பி என்னைப் பார்த்தா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன்.

அவ மறுபடி மாத்தினா. நான் மறுபடி திருப்பினேன். கடைசியில அவ கணக்குலேர்ந்து அந்த மாதிரி எதையும் தொட முடியாதபடி பண்ணிட்டேன். அந்த மெஷினோட மெயின் பாஸ்வேர்டு என்கிட்டதான் இருக்கு. ரூட் பாஸ்வேர்டுன்னு சொல்லுவாங்க. அது இருந்தாத்தான் உள்ள கை வைக்க முடியும். "அதைக் குடுங்க"ன்னா. எதுக்கு சார்? "உனக்கு என்ன வேணுமோ என்கிட்ட சொல்லு, நான் பண்ணித் தர்றேன்"னேன். "எனக்குக் கமாண்ட் கீ வேலை செய்யணும்"னா. "அது மட்டும் முடியாது, மத்தது எதுன்னாலும் கேளு"ன்னேன். இதுக்கு மேல ஒரு மனுஷன் எப்படி இறங்கி வருவான்?

நீங்க தூங்கலையே? கண்ணை மூடினீங்க, அதான் கேட்டேன். கண்டக்டர் முகையூர்னு கத்துறாரு பாருங்க. இறங்குறவங்க படியிலேயே நின்னு போன் பேசுறாங்க. ஒருத்தனுக்கும் ஒழுங்கு கிடையாது.

மார்கழியில எங்க சங்கத்து ஆண்டு விழா வந்துச்சு. பாலிடெக்னிக் ஆடிட்டோரியத்துல. பிரின்சிபால் தலைமை. எனக்கு ஒரு யோசனை. மேக்குலேயே ஊறிப்போன ஒருத்தி லினக்ஸுக்கு மாறிட்டான்னு நேர்ல காட்டினா பசங்களுக்குப் புத்தி வரும். வசுமதியைக் கேட்டேன். முதல்ல வேணாம்னா. "மேடையில நாலு வரி அடிச்சுக் காட்டினா போதும்"னு கெஞ்சிக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஆமா சார், கெஞ்சினேன். நல்ல காரியத்துக்குக் கெஞ்சினா தப்பில்ல. பச்சைக் கலர்ல ஒரு பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வந்தா. நல்லாத்தான் இருந்தா.

அந்த மெஷினையே தூக்கிக்கிட்டுப் போயிருந்தோம். காலையில நான் அதுல சங்கத்து உறுப்பினர் நம்பரெல்லாம் ஏத்திக்கிட்டு இருந்தேன், என் கீபோர்டைச் செருகி. என் கீபோர்டு மனுஷன் வெச்சுக்கிற கீபோர்டு, பக்கத்துல நம்பர் கட்டம் இருக்கும். அது வேலை செய்யணும்னா நம்பர்லாக்னு ஒண்ணை ஆன் பண்ணணும். ஒவ்வொரு தடவையும் யார் அமுக்குறதுன்னு, மெஷின் ஆரம்பிக்கும்போதே ஆன் ஆகுற மாதிரி வெச்சுட்டேன். என் மெஷின், என் வசதி. இதுல என்ன தப்பு?

மேடையில வெள்ளைக் கீபோர்டைச் செருகியாச்சு. பின்னாடி பெரிய திரை. நான் மைக்குல சொல்றேன், "எங்க வீட்டம்மா இப்ப 'நான் விடுதலை அடைந்தேன்'னு அடிப்பாங்க"ன்னு. அவ உக்காந்தா. பார்க்காமலேயே அடிப்பா சார், கண்ணு திரையிலதான் இருக்கும், விரல் பாட்டுக்குப் போகும். அடிச்சா. திரையில பார்த்தா எழுத்துக்கு நடுவுல நம்பர். ஒரு எழுத்து, ஒரு அஞ்சு, ஒரு எழுத்து, ஒரு ஆறு, ஒரு மூணு. கரண்ட் பில்லு மாதிரி நிக்குது விடுதலை. அழிச்சுட்டு மறுபடி அடிச்சா. மறுபடியும் நம்பர்.

ஏன்னா அந்த அப்பளத்துல நம்பர் கட்டம் இல்ல இல்லையா? நம்பர்லாக் ஆன்ல இருந்தா, நடுவுல இருக்கிற சில எழுத்துக் கீயெல்லாம் நம்பரா மாறிடும். மெஷின் தப்பு இல்ல, என் தப்பும் இல்ல. கீபோர்டு குறை. பக்கத்துல நம்பர் வெச்சுத் தொலைச்சிருந்தா இந்தப் பிரச்சனையே கிடையாது.

ஆடிட்டோரியமே சிரிக்குது. எனக்கு அந்த நேரத்துல எப்படியாவது சமாளிக்கணுமே. "பாருங்க, மேக் பழக்கம் எவ்வளவு பெரிய அடிமைத்தனம்னு! ஒரு வரிகூட ஒழுங்கா அடிக்க வரல பாருங்க"ன்னு சொன்னேன். சிரிப்பு இன்னும் ஜாஸ்தியாச்சு. பேச்சுல ஒரு சுவாரஸ்யம் வேணும் சார், அதுக்காகச் சொன்னது.

அவ எழுந்திரிச்சா. என் கையிலேர்ந்து மைக்கை வாங்கினா. பிடுங்கல, வாங்கினா. எல்லாரும் கேக்குற மாதிரி சொன்னா, "அந்த பாஸ்வேர்டைச் சொல்லுங்க. நானே சரி பண்ணிக்கிறேன்."

அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை இல்ல. பின் வரிசைப் பொண்ணுங்க கை தட்டுதுங்க. எதுக்குத் தட்டுறோம்னு தெரியாமலே தட்டுற கூட்டம் அது. பிரின்சிபால் வேற, "சொல்லிடுங்களேன் சார்"ங்கிறாரு. அந்த ஆளுக்குத் தன் மெயிலைத் திறக்கவே பியூன் வேணும், அவரு எனக்குச் சொல்றாரு. மேடையில யாராவது பாஸ்வேர்டு கேப்பாங்களா? பாதுகாப்புன்னு ஒண்ணு இல்லையா? நான் மைக்கைத் திருப்பி வாங்கி, "பார்த்தீங்களா தம்பிங்களா, கல்யாணம் ஆகி வருஷம் திரும்பல, அதுக்குள்ள பாஸ்வேர்டு கேக்குறாங்க. உஷாரா இருங்க"ன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. அன்னிக்கு என் பேச்சு நல்லா இருந்துச்சுன்னு நாலு பேரு தேடி வந்து சொன்னாங்க.

அவ படியிறங்கிப் போனா. வாசல்ல கிடந்த செருப்புக் குவியல்ல அவ செருப்பைத் தேடி, நிதானமா மாட்டிக்கிட்டுப் போனதை மேடையிலேர்ந்தே பார்த்தேன். வீட்டுக்குத்தான் போறான்னு நினைச்சேன். விழா முடிஞ்சு, மெஷினையும் இந்தக் கீபோர்டையும் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனா, பூட்டியிருக்கு. பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போயிட்டா. ஆடியில போறது வழக்கம் சார். மார்கழியில எவளாவது போவாளா? ஒரு கீபோர்டுக்காகப் புருஷன் வீட்டை விட்டுப் போனவளை நீங்க பார்த்திருக்கீங்களா? வெளிய சொன்னா சிரிப்பாங்க. கேக்குறவங்ககிட்ட அவளுக்கு ரத்த சோகைன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

தைப் பொங்கல் வந்துச்சு. தலைப் பொங்கல். அவங்க வீட்டுலேர்ந்து சீர் வரணும். பானை, கரும்பு, மஞ்சக்கொத்து, ஒண்ணும் வரல. அந்தக் குடும்பத்துக்கு மரியாதை தெரியாதுன்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. பொங்கல் அன்னிக்கு மெஸ்ஸும் லீவு. நான் ரொட்டி வாங்கித் தின்னேன்.

அன்னிக்குப் பொழுது போகாம இந்தக் கீபோர்டைச் செருகி உக்காந்தேன். சும்மாதான். கமாண்ட் கீயை அவ வெச்சிருந்த மாதிரியே மாத்தி, கட்டைவிரலால காப்பி பண்ணிப் பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க, வசதியாத்தான் இருக்கு. சுண்டு விரலை மடக்கி மூலைக்குக் கொண்டுபோக வேணாம். கட்டைவிரல் அங்கேயே இருக்கு, லேசா அமுக்கினா போதும். ரொம்ப நேரம் அதையே பண்ணிக்கிட்டு இருந்தேன், எடுக்கிறதும் ஒட்டுறதுமா. கமாண்ட் கீ நடுவுல வழவழன்னு பள்ளமா இருக்கு, அவ விரல் பட்டுப் பட்டு. அது வேற ஒரு மாதிரி பண்ணிடுச்சு என்னை. ஆனா வசதி வேற சார், சரி வேற. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

போன வாரம் அவகிட்டேர்ந்து போன்ல ஒரு மெசேஜ். இத்தனை நாள்ல முதல் மெசேஜ். "கீபோர்டைக் கூரியர்ல அனுப்புங்க. தம்பி பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கான். லினக்ஸ் போட்டுட்டேன்." அவ்வளவுதான். நல்லா இருக்கீங்களான்னுகூட இல்ல. ஆனா கவனிச்சீங்களா? லினக்ஸ் போட்டிருக்கா! யாரும் சொல்லாம, யாரும் கட்டாயப்படுத்தாம, அவளா போட்டிருக்கா. விண்டோஸ் போட்டிருக்கலாம் இல்ல? மேக்கையே திருப்பி வாங்கியிருக்கலாம் இல்ல? என் மேல மனசு இல்லாதவளா இருந்தா எதுக்கு என் லினக்ஸைப் போடுறா? எனக்கு அன்னிக்கு ராத்திரி சாப்பாடே இறங்கல, அவ்வளவு சந்தோஷம். உடனே பதில் போட்டேன், "எந்த லினக்ஸ்?"னு. அதுக்கு இன்னும் பதில் வரல.

கூரியர்ல அனுப்பினா மரியாதையா? நானே எடுத்துக்கிட்டு வர்றேன்னு காலையில மெசேஜ் போட்டுட்டு ஏறிட்டேன். ரெண்டு நாளைக்கு வேட்டி சட்டை வெச்சிருக்கேன். மாமனார் வீட்டுக்குப் போனா ஒரு நாள்ல விடமாட்டாங்க. கீபோர்டைக் கையில குடுத்துட்டு, "சரி, கமாண்ட் கீ உன் இஷ்டம் போல இருக்கட்டும், கிளம்பு"ன்னு சொல்லப் போறேன். அதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கிட்டு வர்றேன். நான் இதுவரைக்கும் யாருக்கும் இவ்வளவு விட்டுக்குடுத்ததில்ல சார். பாஸ்வேர்டு? அது எதுக்கு? அவ கேட்டா அப்ப யோசிக்கலாம்.

அரகண்டநல்லூர் வந்துடுச்சு. பாலத்தைத் தாண்டினா திருக்கோவிலூர். ஆத்துல தண்ணியைப் பாருங்க, நாய்கூட நனையாம தாண்டிப் போகும். இதுக்குப் பாலம் ஒரு கேடு.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

ஹலோ. ஆங், வசுமதி. பாலத்துக்கிட்ட வந்துட்டேன். சாப்பிட்டியா? … ஆமா, கையிலதான் இருக்கு. … பூபாலனா? எதுக்கு அவனை … இல்ல, நானே வீட்டுக்கு … வசுமதி, நான் சொல்றதைக் கேளு, அந்தக் கமாண்ட் கீ … சரி. … சரி. … வெச்சுட்டா.

ஒண்ணும் இல்ல சார். பஸ் ஸ்டாண்டுக்குத் தம்பியை அனுப்பியிருக்காளாம். பூபாலன்னு, என் மச்சினன். என்னை அழைச்சுக்கிட்டுப் போகத்தான் இருக்கும். "அவன்கிட்ட குடுத்துடுங்க, வீட்டுக்கு வர வேணாம்"னு என்னமோ சொன்னா. பஸ் சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல. வீட்டுல ஏதாவது விசேஷமா இருக்கும். இல்ல, யாருக்காவது உடம்பு சரியில்லாம இருக்கும். உங்களுக்குக் கேட்டுச்சா? கேட்டுச்சா? … சரி, விடுங்க.

அதோ நிக்கிறான் பாருங்க, பைக்குல, நீலச் சட்டை. வண்டியைக்கூட நிறுத்தல, ஓட விட்டுக்கிட்டே உக்காந்திருக்கான். எல்லாம் அக்கா குடுக்கிற தைரியம். கொஞ்சம் வழி விடுறீங்களா, இறங்கணும். … இல்ல, இருங்க. அவனே ஜன்னல்கிட்ட வர்றான். வரட்டும். கூப்பிடட்டும், இறங்குறேன்.

வாப்பா பூபாலா. எல்லாரும் சௌக்கியமா? … இந்தா. ஜாக்கிரதை, ஓரமாப் பிடி. ஒயர் உள்ளயே சுத்தி வெச்சிருக்கேன். … அக்காகிட்ட ஒண்ணு சொல்லு, நம்பர்லாக்கை அணைச்சுட்டுப் போடச் சொல்லு. இல்லன்னா எழுத்தெல்லாம் நம்பரா வரும். … என்ன? … தெரியுமா? … சரிப்பா. சரி. பார்த்துப் போ.

போயிட்டான்.

என்ன சொன்னான் கேட்டீங்களா? "அதெல்லாம் அக்காவுக்கு அன்னிக்கே தெரியும் மாமா"ங்கிறான். அன்னிக்கேன்னா? மேடையிலயேவா? அந்த மைக்கைக் கையில வாங்கினப்பவேவா? அப்ப, நான்தான் ஆன் பண்ணி வெச்சிருந்தேன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் நின்னாளா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அத்தனை பேரும் என்னைப் பார்த்துல்ல சிரிச்சிருப்பாங்க. கையில மைக்கு இருந்துச்சு சார். சொல்லியிருக்கலாம்.

"வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க அந்தப் பையன். வீட்டு வாசல்ல பிச்சைக்காரன் வந்து நின்னாக்கூட வாங்கன்னு சொல்ற ஊரு இது. சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லியிருந்தாக்கூட இறங்கியிருப்பேன். இறங்கிட்டு நடந்தாவது போயிருப்பேன். சொல்லல.

நீங்க எழுந்திரிக்க வேணாம், உக்காருங்க. நான் இறங்கல. கண்டக்டர், திருவண்ணாமலை ஒண்ணு குடுங்க.

அங்கயா? இல்ல சார், அங்க எனக்கு யாரும் இல்ல. பஸ் அங்கதானே போகுது.